ஒரு லட்சம் பேருக்கு ஒன்பது மாதம்: மொசூல் மீட்புப் போர் ஏன் அப்படி நடந்தது?

2017 ஜூலை 10 அன்று இராக் பிரதமர் ஹைதர் அல்-அபாதி மொசூல் நகருக்குள் நின்றபடி, ஐஎஸ் (இஸ்லாமிய அரசு) என்ற ஆயுத அமைப்பின் பிடியிலிருந்து நகரம் மீட்கப்பட்டுவிட்டது என்று அறிவித்தார். அந்த வாரம் வெளியான பழைய நகரின் வான்வழிப் படங்களில், முழுதாக நிற்கும் வீடு ஒன்றைக் கண்டுபிடிக்கவே நேரம் பிடித்தது. மீட்கப்பட்ட நகரம் இப்படியா இருக்கும் என்று வாசகர்கள் குழம்பியதில் வியப்பில்லை.

அந்தக் குழப்பத்துக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன.

1. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் கொண்ட படை, மேலே அமெரிக்கா தலைமையிலான கூட்டணியின் விமானங்கள். எதிரே நகருக்குள் இருந்தவர்கள் 3,000 முதல் 5,000 பேர் என்பது அன்றைய அமெரிக்கக் கணிப்பு. பிறகு ஏன் ஒன்பது மாதம்?
2. ஒரே நகரம், ஒரே எதிரி. கிழக்குப் பாதி பெருமளவு தப்பித்தது; மேற்குப் பாதி ஏன் நொறுங்கியது?
3. தாக்குதல் வரப்போவது மாதக்கணக்கில் முன்பே தெரிந்திருந்தும் மக்கள் ஏன் வெளியேறவில்லை?

மூன்றாவது கேள்விக்கான பதிலில்தான் மற்ற இரண்டுக்குமான பதிலின் பெரும்பகுதி இருக்கிறது. ஆனால் அங்கே போவதற்கு முன் அடிப்படையிலிருந்து வர வேண்டும்.

முதலில் சில சொற்கள்

செய்திகளில் 'முற்றுகை', 'சுற்றிவளைப்பு', 'மீட்பு' ஆகிய மூன்றும் ஒரே பொருளில் புழங்குகின்றன. இவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முற்றுகை என்றால் ஊருக்குள் உணவும் மருந்தும் போகாமல் அடைத்து, உள்ளே இருப்பவர்கள் களைத்துப் பணியும்வரை காத்திருப்பது. சுற்றிவளைப்பு என்றால் எதிரிக்கு ஆளும் ஆயுதமும் வந்து சேரும் சாலைகளை வெட்டுவது. மீட்பு நடவடிக்கை என்பது உள்ளே இறங்கி, தெருத்தெருவாக, வீடுவீடாகப் பிடிப்பது. மொசூலின் மேற்குப் பகுதியில் இந்த மூன்றும் ஒரே நேரத்தில் நடந்தன.

இன்னொரு சொல் 'விடுவிக்கப்பட்ட பகுதி'. ஒரு பேட்டையைப் படை கடந்து போய்விட்டது என்பதே இதன் பொருள். அங்குள்ள ஒவ்வொரு வீட்டையும் சோதித்து, கண்ணிவெடிகளை எடுத்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டுக்கும் இடையே சில நாள்கள் ஆகலாம், சில ஆண்டுகளும் ஆகலாம். விடுவிக்கப்பட்ட பகுதி என்ற சொல்லை நம்பி வீடு திரும்பிக் கதவைத் திறந்தபோது கண்ணிவெடியில் சிக்கியவர்கள் உண்டு.

நகரம் கைவிட்டுப் போன விதம்

மொசூல் இராக்கின் இரண்டாவது பெரிய நகரம், நினிவே மாகாணத்தின் தலைநகர். டைகிரிஸ் ஆறு அதை இரண்டாகப் பிரிக்கிறது. ஊர்க்காரர்கள் கிழக்குக் கரையை அய்சர் (இடது) என்றும் மேற்குக் கரையை அய்மன் (வலது) என்றும் அழைப்பார்கள். பண்டைய நினிவேயின் இடிபாடுகள் கிழக்கில் இருக்கின்றன. பழைய நகரம் மேற்கில். அரபு சுன்னிகள் பெரும்பான்மை. குர்துகள், கிறிஸ்தவர்கள், துருக்மேன், ஷபாக், யஜீதிகள் எனப் பல சமூகங்கள் நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள்.

2014 ஜூன் 10 அன்று இந்த நகரம் ஐஎஸ் கையில் விழுந்தது. தாக்கியவர்களைவிடப் பல மடங்கு அதிகமான அரசுப் படையினர் நகரில் இருந்ததாகக் கணக்கு. ஆனால் அந்தக் கணக்கே பொய்யாக இருந்தது. சம்பளப் பட்டியலில் பெயர் இருக்கும், முகாமில் ஆள் இருக்காது. அந்தச் சம்பளத்தை மேலதிகாரியும் ஆளும் பங்கிட்டுக்கொள்வார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு இராக்கியர்கள் வைத்த பெயர் 'ஃபதாயின்', அதாவது விண்வெளிக்காரர்கள். 2014 இறுதியில் அபாதி அரசு முதற்கட்டமாக ஆராய்ந்ததிலேயே இப்படி 50,000 பெயர்கள் அகப்பட்டன.

ஊழல் ஒரு பக்கம். ஷியா ஆதிக்க அரசு தங்களைச் சந்தேகத்தோடு மட்டுமே பார்க்கிறது என்ற சுன்னி மக்களின் கசப்பு மறுபக்கம். சோதனைச் சாவடிகளில் அவமானம், விசாரணையின்றிச் சிறை என அது ஆண்டுக்கணக்கில் சேர்ந்தது. ஐஎஸ் நுழைந்தபோது நகரத்தார் எதிர்த்து நிற்காததற்கு இந்தக் கசப்பும் ஒரு காரணம். அதற்கு அவர்கள் கொடுத்த விலை மிகப் பெரியது. கிறிஸ்தவர்கள் துரத்தப்பட்டார்கள், ஆகஸ்டில் சிஞ்சார் பகுதியில் யஜீதி ஆண்கள் கொல்லப்பட்டுப் பெண்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். நகருக்குள் சுன்னிகளே என்றாலும் எதிர்த்துப் பேசியவர் உயிரோடு இருக்கவில்லை.

இந்தியாவுக்கும் இதில் ஒரு துயரப் பங்கு உண்டு. அந்த ஜூன் மாதத்தில் மொசூலில் கட்டுமான வேலையில் இருந்த 39 இந்தியத் தொழிலாளர்கள் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பஞ்சாபைச் சேர்ந்தவர்கள். நகருக்கு வடமேற்கே பாதுஷ் என்ற இடத்தில் ஒரு மண்மேட்டில் புதைக்கப்பட்டிருந்த உடல்கள், நகரம் மீட்கப்பட்ட பிறகுதான் தோண்டி எடுக்கப்பட்டு மரபணுச் சோதனையில் உறுதியாயின. 2018 மார்ச் 20 அன்று வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜ் நாடாளுமன்றத்தில் இதைச் சொல்லும்வரை, ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் அந்தக் குடும்பங்கள் தொலைபேசி அருகிலேயே காத்திருந்தன.

இரண்டு ஆண்டு முன்னேற்பாடு

மொசூலை உடனே மீட்கப் படை இல்லை. அதைக் கட்ட வேண்டியிருந்தது. 2015-ல் திக்ரித், அடுத்து ரமாதி, 2016 ஜூனில் ஃபலூஜா என்று தெற்கிலிருந்து ஒவ்வொரு ஊராகப் பிடித்துக்கொண்டே வடக்கே வந்தார்கள். 2016 ஜூலையில் மொசூலுக்குத் தெற்கே கய்யாரா விமானத்தளம் கிடைத்தது. அதுதான் மொசூல் நடவடிக்கையின் கிடங்கும் மருத்துவமனையும் ஓடுபாதையும் ஆனது.

2016 அக்டோபர் 17 அதிகாலை 'வருகிறோம், நினிவே' என்ற பெயரில் தாக்குதல் தொடங்கியது. சேர்ந்து வந்தவர்கள் ஒருவரையொருவர் நம்பாதவர்கள்.

1. இராக் ராணுவம்: 2014-ல் ஓடிப்போன அதே ராணுவம், மீண்டும் பயிற்சி பெற்று வந்தது.
2. பயங்கரவாத எதிர்ப்புப் படை: கறுப்பு உடை, கறுப்பு ஹம்வீ (ராணுவ ஜீப்) வண்டிகள். இரவோடு இரவாக ஒரு வீட்டைச் சுற்றிவளைத்து ஆளைப் பிடிக்க அமெரிக்கர்கள் பயிற்றுவித்த சிறு படை. சண்டையின் முழு பாரமும் இதன் தோளில் விழுந்தது.
3. ஃபெடரல் போலீஸ்: பெயரில்தான் போலீஸ். பீரங்கியும் ராக்கெட்டும் வைத்திருந்த படை.
4. பெஷ்மெர்கா: குர்து பிராந்திய அரசின் படை. வடக்கிலும் கிழக்கிலும் கிராமங்களைப் பிடித்துக் கொடுத்துவிட்டு நகர எல்லையில் நின்றுவிட்டது.
5. ஹஷ்த் அல்-ஷாபி: பெரும்பாலும் ஷியா ஆயுதக் குழுக்களின் கூட்டமைப்பு, பல குழுக்களுக்கு ஈரான் ஆதரவு. இவர்கள் சுன்னி நகரமான மொசூலுக்குள் நுழையக் கூடாது என்பது ஏற்பாடு. அதனால் மேற்கே தல் அஃபர் பக்கம் அனுப்பப்பட்டார்கள்.
6. கூட்டணி நாடுகள்: விமானம், பீரங்கி, உளவு, ஆலோசகர்கள்.

ஐந்தாவது எண்ணில் சொன்ன ஏற்பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நகரம் யாரிடம் போய்ச் சேரும் என்ற அச்சத்தைத் தணிக்கச் செய்த ஏற்பாடு அது. மேற்கு மொசூல் மக்களின் கதியைத் தீர்மானித்த கதவு அதில்தான் மூடியது.

எதிரே இருந்த தற்காப்பு

இரண்டரை ஆண்டு அவகாசத்தில் ஐஎஸ் நகரத்தையே ஆயுதமாக மாற்றியிருந்தது.

முதல் ஆயுதம் கார் குண்டு. காரின் முன்புறத்தில் இரும்புத் தகடுகளைப் பற்றவைத்து, ஓட்டுநர் பார்க்கச் சிறு பிளவு மட்டும் விட்டு, பின்னால் வெடிமருந்தை நிரப்புவார்கள். சந்துக்குள் ஒளித்து வைத்திருந்து, படை நெருங்கியதும் பக்கவாட்டிலிருந்து பாய்ச்சுவார்கள். திறந்த பாலைவனத்தில் அந்தக் காரை இரண்டு கிலோமீட்டருக்கு முன்பே கண்டு சுட்டுவிடலாம். தெருவில் அது கண்ணில் படும்போது ஐம்பது மீட்டர்தான் மீதம். தகட்டின் மேல் சாதாரணக் காரின் நிறத்தைப் பூசி வைத்தால், மேலிருந்து பார்க்கும் விமானிக்கும் வித்தியாசம் தெரியாது.

இரண்டாவது, சுவர்த் துளை. அடுத்தடுத்து ஒட்டிய வீடுகளின் நடுச்சுவரை ஆள் குனிந்து போகும் அளவுக்கு உடைத்துவிடுவார்கள். ஒரு வீட்டுப் படுக்கையறையிலிருந்து பக்கத்து வீட்டு அடுப்படிக்கு, அங்கிருந்து அடுத்த வீட்டு முற்றத்துக்கு எனத் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வெயிலே படாமல் போகலாம். மாடியிலிருந்து சுடும் ஆள், படை அந்த மாடியை நோக்கிக் குண்டு வீசும்போது நான்கு வீடு தள்ளிப் போயிருப்பார். முதல் வீட்டில் அகப்பட்டிருப்பது அங்கே வாழும் குடும்பம்தான். தெருக்களுக்குக் குறுக்கே ஜமுக்காளம் போலத் துணிகளைக் கட்டி வானத்தை மறைத்தார்கள், கீழே சுரங்கங்கள்.

மூன்றாவது, கடையில் கிடைக்கும் ட்ரோன். கல்யாண வீடுகளில் படம் எடுக்கப் பயன்படும் அதே வகை. அதில் சிறு எறிகுண்டைத் தொங்கவிட்டு, நேராக விழுவதற்குப் பிளாஸ்டிக் வால் பொருத்தி, நிறுத்தியிருக்கும் ஹம்வீயின் திறந்த மேல்மூடிக்குள் போட்டார்கள். அடுத்தடுத்த போர்களில் உலகம் பார்த்த பலவற்றின் முன்னோட்டம் மொசூலில் நடந்தது.

ராக்கெட், மோட்டார் குண்டுகளை நகரின் பட்டறைகளிலேயே தொழிற்சாலை ஒழுங்கில் வார்த்தார்கள். போதாக்குறைக்குக் கய்யாரா எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ வைத்தார்கள். அங்கே பல மாதம் பகலிலும் வானம் கறுத்திருந்தது. ஆடுகளின் கம்பளிகூடக் கரியாகிவிட்டது.

முதல் கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது. ஒரு லட்சம் பேர் என்பது நகரைச் சுற்றி நூற்றுக்கணக்கான கிலோமீட்டரில் பரந்து நின்ற மொத்த எண்ணிக்கை. தெருமுனையில் ஒரு நேரத்தில் சண்டையிடக் கூடியவர்கள் சில நூறு பேர்தான். குறுகிய தெருவில் எண்ணிக்கை பலம் கரைந்துவிடும். முன்னால் போவது ஒரு கவச புல்டோசர். அது மண்ணையும் உடைந்த கார்களையும் தள்ளித் தெரு முனையில் மேடு கட்டும், கார் குண்டு பாயாமல் இருக்க. அதன் மறைவில் ஹம்வீ வரும், அதன் மறைவில் வீரர்கள். ஒரு குறுக்குத் தெருவை அடைக்க ஒரு மணி நேரம். இதுதான் முன்னேறும் வேகம்.

கிழக்குக் கரை: அக்டோபர் முதல் ஜனவரி வரை

நவம்பர் தொடக்கத்தில் படை கிழக்கு விளிம்புக்குள் நுழைந்தது. கிழக்குப் பகுதி புதிதாக வளர்ந்தது. வண்டி போகும் தெருக்கள், சிறு தோட்டத்தோடு தனித்தனி வீடுகள், பல்கலைக்கழக வளாகம். ஆனாலும் முதல் இரண்டு மாதம் கொடுமையாக இருந்தது. டிசம்பர் 6 அன்று இராக் ராணுவத்தின் 9-வது கவசப் பிரிவு, பக்கவாட்டில் துணையில்லாமல் பாய்ந்து அல்-சலாம் மருத்துவமனையைப் பிடித்தது. அன்று இரவே கார் குண்டுகளோடு ஐஎஸ் அவர்களைச் சூழ்ந்தது. மறுநாள் பயங்கரவாத எதிர்ப்புப் படை வந்து மீட்க வேண்டியதாயிற்று.

அதன் பிறகு நடவடிக்கை நிறுத்தப்பட்டது. டிசம்பர் 29 அன்று மறுபடி தொடங்கியபோது மூன்று மாற்றங்கள் இருந்தன.

1. ஒரு முனையில் மட்டும் குத்தாமல், பல முனைகளில் ஒரே நேரத்தில் அழுத்தினார்கள்.
2. ஆற்றின் ஐந்து பாலங்களும் விமானத் தாக்குதலில் முடக்கப்பட்டிருந்தன. மேற்கிலிருந்து கார் குண்டுகள் வருவது குறைந்தது.
3. கூட்டணியின் ஆலோசகர்கள் முன்வரிசைக்கு நெருங்கி வந்தார்கள். விமானத் தாக்குதலுக்கு அனுமதி தரும் அதிகாரம் கீழ்நிலைத் தளபதிகளுக்கு இறங்கியது.

மூன்றாவது மாற்றம் வேகத்தைக் கூட்டியது. ஒவ்வொரு குண்டுக்கும் முன்னால் நடக்கும் சரிபார்ப்பின் நேரத்தையும் அதுவே குறைத்தது. ஜனவரி 24 அன்று கிழக்குக் கரை முழுதும் மீண்டதாக அறிவித்தார்கள். சில வாரங்களில் அங்கே கடைகள் திறந்தன, பள்ளிக்கூட மணி அடித்தது. ஆற்றின் மறுகரையில் ஏழரை லட்சம் பேர் இன்னும் உள்ளே இருந்தார்கள்.

மேற்குக் கரை: கணக்கு மாறிய இடம்

பிப்ரவரி 19 அன்று மேற்குத் தாக்குதல் தொடங்கியது. விமான நிலையம் நான்கைந்து நாளில் கிடைத்துவிட்டது. அதன் பிறகு நகரின் வடிவம் குறுக்கே நின்றது.

பழைய நகரின் பல சந்துகளில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கித்தான் வழிவிட வேண்டும். புல்டோசர் நுழையாது, ஹம்வீ நுழையாது. கல்லும் சாந்தும் வைத்துக் கட்டிய பழைய வீடுகள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து நிற்பவை. ஒன்றில் குண்டு விழுந்தால் பக்கத்து இரண்டும் சரியும்.

படையின் நிலையும் மாறிவிட்டிருந்தது. கிழக்கில் சண்டையிட்ட பயங்கரவாத எதிர்ப்புப் படை தன் போரிடும் ஆற்றலில் 40 சதவீதத்தை இழந்ததாகப் பென்டகனின் பட்ஜெட் ஆவணமே சொன்னது. ஒரு வீரரை உருவாக்க ஆண்டுக்கணக்கில் பயிற்சி தேவைப்படும் படைக்கு இது தாங்க முடியாத இழப்பு. ஆளை அனுப்ப முடியாத இடத்துக்குக் குண்டை அனுப்பினார்கள். ஃபெடரல் போலீஸ் மேற்கில் கைத்தயாரிப்பு ராக்கெட்டுகளை ஏவியது. அவை ஒரு பேட்டையைக் குறி வைக்கும். அதிலுள்ள ஒரு வீட்டைக் குறி வைக்க முடியாது.

மார்ச் 17 அன்று அல்-ஜதீதா பகுதியில் நடந்தது இந்தக் கணக்கின் முகம். ஒரு கட்டடத்தின் மேல்தளத்தில் இரண்டு ஐஎஸ் துப்பாக்கிதாரிகள். அவர்களை வீழ்த்த ஓர் அமெரிக்க விமானம் 500 பவுண்டு, அதாவது சுமார் 227 கிலோ எடையுள்ள ஒரு குண்டை வீசியது. கீழ்த்தளங்களில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் அடைக்கலம் புகுந்திருந்தன. அது அந்தத் தெருவில் உறுதியான கட்டடம் என்று நம்பி வந்தவர்கள். குறைந்தது 105 பேர் இறந்ததாக அமெரிக்க ராணுவத்தின் விசாரணையே ஒப்புக்கொண்டது. ஐஎஸ் உள்ளே வைத்திருந்த வெடிமருந்து சேர்ந்து வெடித்ததால்தான் கட்டடம் சரிந்தது என்பது அவர்கள் வாதம். அப்படி எதுவும் அங்கே இருக்கவில்லை என்று உயிர் பிழைத்தவர்கள் மறுத்தார்கள்.

போர்ச் சட்டத்தில் இதற்கு அளவுகோல் உண்டு. வேறுபடுத்தல்: போராளியையும் பொதுமக்களையும் பிரித்தறிய வேண்டும். விகிதாசாரம்: கிடைக்கும் ராணுவப் பயனுக்கு மிஞ்சிய சேதம் பொதுமக்களுக்கு ஏற்படக் கூடாது. முன்னெச்சரிக்கை: ஆயுதத்தையும் நேரத்தையும் தேர்வதிலேயே சேதத்தைக் குறைக்க முயல வேண்டும். எதிரி பொதுமக்களைக் கேடயமாக வைத்திருப்பது எதிரியின் குற்றம். அதனால் தாக்குபவரின் இந்த மூன்று கடமைகளும் ரத்தாகிவிடுவதில்லை. இரண்டு துப்பாக்கிதாரிகளுக்கு எதிராக, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாத கட்டடத்தின் மேல் அவ்வளவு பெரிய குண்டைத் தேர்ந்தது முன்னெச்சரிக்கைக் கடமையில் நேர்ந்த தவறு என்றே நான் கருதுகிறேன்.

மக்கள் ஏன் வெளியேறவில்லை?

மூன்று பூட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன.

முதல் பூட்டு ஐஎஸ் போட்டது. தப்பியோடுகிறவரைச் சுட்டார்கள். பிடிபட்டவர்களின் உடல்களை மின்கம்பங்களில் தொங்கவிட்டார்கள். பின்வாங்கும்போது பக்கத்துக் கிராமத்து மக்களைக் கூடவே ஓட்டிக்கொண்டு வந்து நகரில் அடைத்தார்கள். மேற்கில் வீட்டுக் கதவுகளை வெளியிலிருந்து வெல்டிங் செய்து அடைத்ததையும் மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. மே 26 முதல் ஜூன் 3 வரையிலான ஒன்பது நாளில் மட்டும், தப்பியோட முயன்ற 231 பேரை அவர்கள் கொன்றதாக ஐநா மனித உரிமை அலுவலகம் கணக்கிட்டது.

இரண்டாவது பூட்டு அரசு போட்டது. அக்டோபரில் விமானங்கள் லட்சக்கணக்கில் துண்டுப் பிரசுரங்களை வீசின. வீட்டிலேயே இருங்கள் என்பதே அவற்றின் சாரம். இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பத்து லட்சம் பேர் ஒரே நேரத்தில் வெளியேறினால் தங்க வைக்க முகாம் இல்லை. குளிர்காலம் வாசலில் நின்றது. ஓடும் கூட்டத்தை ஐஎஸ் சுடும். கூட்டத்தோடு கலந்து அவர்களும் தப்பிவிடுவார்கள். அகலமான தெருக்களும் ஓரளவு நிதானமான குண்டுவீச்சும் இருந்த கிழக்கில் இந்த ஆலோசனை பல உயிர்களைக் காத்தது. சண்டை வீட்டைக் கடந்து போகும்வரை மாடிப்படிக்குக் கீழே பதுங்கியிருந்து, பிறகு வெள்ளைத் துணியோடு கதவைத் திறந்தவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு.

அதே ஆலோசனையை மேற்குக்கும் கொண்டுபோனதுதான் பெரும்பிழை. அங்கே தெரு வேறு, வீட்டின் உறுதி வேறு, வீசிய குண்டின் எடையும் எண்ணிக்கையும் வேறு. காட்டுக்கீரையையும் அவித்த கோதுமையையும் தின்றுகொண்டு மாதக்கணக்கில் பதுங்கியிருக்க முடியாது. மே கடைசி வாரத்தில் பிரசுரத்தின் வாசகம் தலைகீழானது: பழைய நகரை விட்டு உடனே வெளியேறுங்கள். அதற்குள் வெளியேற வழியே இல்லை.

மூன்றாவது பூட்டு அதுதான். தொடக்கத் திட்டத்தில் மூன்று பக்கம் சூழ்ந்து மேற்கைத் திறந்துவிடும் யோசனை, அதாவது குதிரை லாட வடிவம், பேசப்பட்டது. தப்பிக்க வழி இருக்கும் எதிரி கடைசிக் குண்டுவரை நிற்க மாட்டான் என்பது பழைய போர்க் கணக்கு. ஆனால் மேற்கே திறந்தால் ஐஎஸ் சிரியாவுக்குள் போகும். ஹஷ்த் படைகள் தல் அஃபர் பக்கம் முன்னேறி, நவம்பர் பிற்பாதியில் அந்தச் சாலையை வெட்டின. 2017 மே மாதம் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் ஜேம்ஸ் மாட்டிஸ் இதைக் கொள்கையாகவே அறிவித்தார்: எதிரியை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தள்ளுவதில்லை, சூழ்ந்து அழிப்பது. வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் உயிரோடு ஊர் திரும்பக் கூடாது என்பது நோக்கம்.

நோக்கம் புரிகிறது. பாரிசிலும் பிரஸ்ஸல்சிலும் குண்டு வைத்த அமைப்பு அது. ஆனால் போராளிக்கு மூடிய சாலை குடும்பத்துக்கும் மூடிவிடும். ஜூன் 18 அன்று இறுதித் தாக்குதல் தொடங்கியபோது, பழைய நகருக்குள் ஐஎஸ் அடைத்து வைத்திருந்தவர்கள் ஒரு லட்சம் பேர் என்று ஐநா சொன்னது. கிழக்கும் மேற்கும் வேறுபட்டதற்கு சந்துகளின் அகலம் ஒரு காரணம்; இந்த மூடிய கதவு அதைவிடப் பெரிய காரணம்.

ஜூன் 21 இரவு ஐஎஸ் அல்-நூரி மசூதியையும் அதன் சாய்ந்த மினாரையும் வெடிவைத்துத் தகர்த்தது. 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 45 மீட்டர் மினார் அது. ஊரார் அதை 'ஹத்பா', கூனல் விழுந்தவள், என்று செல்லமாக அழைத்தார்கள். 10,000 தினார் நோட்டில் அதன் படம் இருக்கிறது. 2014 ஜூலையில் அபூபக்கர் அல்-பக்தாதி ஐஎஸ் தலைவனாக மேடையேறிய மசூதியும் இதுதான். அரசுப் படையின் கொடி அதில் ஏறுவதைவிட அது இல்லாமல் போவதே மேல் என்று அவர்கள் முடிவு செய்தார்கள்.

எத்தனை பேர் இறந்தார்கள்?

எண்கள் ஏன் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். ஐநாவின் 2017 நவம்பர் அறிக்கை குறைந்தது 2,521 பொதுமக்கள் இறந்ததாகக் கூறியது. அதில் 741 பேர் ஐஎஸ் நேரடியாகக் கொலைத்தண்டனை போலக் கொன்றவர்கள். ஒவ்வொரு சாவுக்கும் சாட்சி சரிபார்த்த பிறகே பட்டியலில் சேர்க்கும் முறை அது. எனவே அது அடிமட்ட எண். அடுத்த மாதம் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் பிணவறைப் பதிவுகளையும் தன்னார்வ அமைப்புகளின் பட்டியல்களையும் ஒப்பிட்டு 9,000 முதல் 11,000 வரை என்றது. அதில் குறைந்தது 3,200 சாவுகளுக்கு இராக் படைகள் அல்லது கூட்டணியின் குண்டுகள் காரணம் என்றும் கூறியது. இடிபாட்டுக்குள் எடுக்கப்படாமல் கிடந்தவர்கள் இரண்டு கணக்கிலும் முழுதாக வரவில்லை.

நகரைவிட்டு இடம்பெயர்ந்தவர்கள் ஏறக்குறைய 9 லட்சம் பேர். அதில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மேற்கிலிருந்து வந்தவர்கள். ஒரு விஷயத்தில் மட்டும் முன்னேற்பாடு பலன் தந்தது. உலக சுகாதார நிறுவனமும் தன்னார்வ மருத்துவக் குழுக்களும் சண்டை முனையிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் ரத்தப்போக்கை நிறுத்தும் மையங்களையும், ஒரு மணி நேரத் தூரத்தில் அறுவை சிகிச்சைக் கூடங்களையும் வரிசையாக அமைத்தார்கள். அதனால் பிழைத்தவர்கள் பல ஆயிரம்.

மொசூலுக்கு மட்டும் நேர்ந்ததா?

இல்லை. அதே 2017-ல் பிலிப்பைன்சின் மராவி நகரை ஐஎஸ் சார்புக் குழுக்கள் பிடித்தன. அங்கே மக்களில் மிகப் பெரும்பாலோர் தொடக்க வாரங்களிலேயே வெளியேறிவிட்டார்கள். ஐந்து மாதச் சண்டையில் நகரின் மையப்பகுதி மொசூல் பழைய நகர்போலவே நொறுங்கியது. உயிரிழந்த பொதுமக்களோ மொசூலோடு ஒப்பிட முடியாத அளவுக்குக் குறைவு. கட்டடங்களின் கதியும் மக்களின் கதியும் தனித்தனிக் கணக்கு என்பதற்கு மராவி சான்று.

அறிவிப்புக்குப் பிறகு

மொசூலில் குவிந்த இடிபாடு சுமார் 80 லட்சம் டன் என்று ஐநா மதிப்பிட்டது. அள்ளிக் கொட்டுகிற வேலையாக அது இருக்கவில்லை. அள்ளும் ஒவ்வொரு முறையும் அதற்குள் வெடிக்காத குண்டோ, தற்கொலை அங்கியோ, மனித எலும்போ இருக்கலாம். குளிர்சாதனப் பெட்டிக் கதவிலும் பொம்மையிலும்கூட ஐஎஸ் கண்ணி வைத்திருந்தது.

2018-ல் யுனெஸ்கோ தொடங்கிய சீரமைப்பில் ஹத்பா மினார் மீண்டும் எழுந்திருக்கிறது. இடிபாட்டிலிருந்து பொறுக்கிச் சேர்த்த பழைய செங்கற்களைக் கொண்டு, பழைய சாய்வோடேயே கட்டினார்கள். பக்கத்துத் தெருக்களின் கிறிஸ்தவக் கோவில்களும் பழைய வீடுகளும் ஒவ்வொன்றாகச் சீராயின. 2025-ல் விமான நிலையமும் திறக்கப்பட்டது.

வெளியே தெரியாத சிக்கல் காகிதங்களில் இருந்தது. ஐஎஸ் ஆண்ட மூன்று ஆண்டில் பிறந்த குழந்தைக்கும் நடந்த திருமணத்துக்கும் அந்த அமைப்பின் முத்திரை போட்ட சான்றிதழ்தான். இராக் அரசு அதை ஏற்கவில்லை. பிறப்புச் சான்றிதழுக்குப் பெற்றோரின் திருமணப் பதிவு வேண்டும். தந்தை இறந்திருந்தால் அவரது இறப்புச் சான்றிதழ் வேண்டும். அவர் ஐஎஸ்ஸைச் சேர்ந்தவர் இல்லை என்று பாதுகாப்புத் துறையின் ஒப்புதல் வேண்டும். இழப்பீட்டு விண்ணப்பத்துக்கும் அந்த ஒப்புதல் இல்லாமல் நகராது. உடலே கிடைக்காத வீட்டில் இறப்புச் சான்றிதழ் எங்கிருந்து வரும்? நகரம் மீட்கப்பட்டுப் பல ஆண்டுகளுக்குப் பிறகும், பள்ளிக்கூட வாசலில் பெயர் எழுதச் சொன்னபோது காட்ட ஒரு தாளும் இல்லாமல் திரும்பிப் போன பிள்ளைகள் மொசூலில் இருந்தார்கள்.